விரல்களால் ஒரு வைத்தியம்: ஜப்பானின் ஷியாட்சு

ஜப்பானின் ஷிக்கொக்கு தீவில் 1905ஆம் ஆண்டு பிறந்தவர் தொகுஜிரோ நமிகொஷி. அவருக்கு ஏழு வயதாயிருக்கும்போது குடும்பம் பிழைப்புத் தேடி நாட்டின் வடகோடியிலுள்ள ஹொக்கைடோ தீவுக்குக் குடிபெயர்ந்தது. நீண்ட பயணம். போய்ச் சேர்ந்த இடமோ கடுங்குளிர் பிரதேசம். அங்கு போனதும் தாயாருக்கு முழங்காலில் ஒரு வலி தொடங்கிற்று. பின்னர் அது மூட்டுக்கு மூட்டு ஏறி, கை, தோள் என்று பரவியது. அந்தக் கிராமத்தில் வைத்தியர் இல்லை. பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு தாயின் கைகால்களைத் தடவியும் அமுக்கியும் விட்டார்கள். அவர்களுள் தொகுஜிரோவின் கைதான் இதமாயிருக்கிறது என்று தாய் சொன்னாராம்.

சொன்னதும் சிறுவனுக்கு உற்சாகம். எந்த இடத்தில் தோல் குளிர்ந்திருக்கிறது, எந்த இடத்தில் சதை இறுகிக் கிடக்கிறது என்று விரல்களால் தேடத் தொடங்கினான். தடவுவதைவிட அமுக்குவதே பலன் தருகிறது என்று கண்டான். முதுகெலும்பின் இரு பக்கத்திலும் பெருவிரலால் அமுக்க அமுக்கத் தாயின் வேதனை குறைந்து, நாளடைவில் அவர் எழுந்து நடமாடினார் என்பதே நமிகொஷி தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்த கதை.

இந்தக் கதையை நான் முதன்முதலில் வாசித்தபோது என் மனம் கரைந்தது உண்மை. பின்னர் கொஞ்சம் நிதானித்து யோசித்தேன். அந்தத் தாயை எந்த வைத்தியரும் பரிசோதித்து எழுதி வைக்கவில்லை. மூட்டுவலிகளில் சில தாமாகவே வந்து, தாமாகவே தணிவதும் உண்டு. எனவே, விரல்தான் அவரைக் குணப்படுத்தியது என்று சத்தியம் செய்து சொல்ல நம்மால் முடியாது. ஆனால் வலியில் கிடந்த ஒரு தாய்க்குப் பிள்ளையின் கை ஆறுதல் தந்தது என்பதைச் சந்தேகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஷியாட்சுவைப் பற்றி எதை வாசித்தாலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.

'ஷி' என்றால் விரல். 'அட்சு' என்றால் அமுக்கம். பெயரில் வேறு இரகசியம் ஒன்றும் இல்லை. இந்தப் பெயரைப் பரப்பியவர்களுள் முன்னோடி தெம்பெகி தமாய் என்பவர். அவர் ஷியாட்சு முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நமிகொஷி 1925இல் ஹொக்கைடோவில் தமது சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். 1940இல் டோக்கியோவில் ஒரு கல்லூரியை நிறுவினார். 1955இல் ஜப்பானியச் சட்டத்தில் ஷியாட்சு என்ற சொல் இடம்பிடித்தது. ஆனால் அப்போது அது 'அன்மா' என்னும் பழைய உடம்புபிடி வைத்தியத்தின் ஒரு கிளையாகவே எண்ணப்பட்டது. 1964இல்தான் அன்மா, மசாஜ், ஷியாட்சு ஆகிய மூன்றும் தனித்தனிப் பெயர்களோடு சட்டத்தில் நின்றன.

இடையில் 1954இல் ஹொலிவுட் நடிகை மர்லின் மன்றோ ஜப்பானுக்கு வந்திருந்தபோது வயிற்று வலியால் துன்புற்றார் என்றும், நமிகொஷியை அழைத்துச் சிகிச்சை பெற்றார் என்றும் ஒரு செய்தி உண்டு. தாயின் கதையைவிட இந்தக் கதைதான் அவரை உலகப் பிரசித்தமாக்கியது! பின்னர் அவர் தொலைக்காட்சியிலும் தோன்றி ஜப்பானிய வீடுகளுக்கெல்லாம் அறிமுகமானார். ஷியாட்சு செய்பவரின் உள்ளம் ஒரு தாயின் உள்ளம் போல இருக்க வேண்டும் என்பது அவர் ஓயாமல் சொல்லிவந்த கருத்து. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

மேலே அன்மா என்று குறிப்பிட்டேனே, அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். சீனாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் ஜப்பானுக்கு வந்த கலை அது. காலப்போக்கில் அது கண் பார்வையற்றவர்களின் தொழிலாயிற்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாயிச்சி சுகியாமா என்பவர் தாமே பார்வையிழந்தவர். ஊசிமருத்துவத்தில் வல்லவராகி, ஆட்சியாளரின் ஆதரவோடு பார்வையற்றோருக்கு இத்தொழிலைக் கற்பிக்கும் பாடசாலைகளை அவர் ஏற்படுத்தினார். அக்காலத்தில் எதோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோ நகரின் வீதிகளில், இரவு நேரங்களில் பார்வையற்ற அன்மாக்காரர்கள் சிறு ஊதுகுழலை ஊதிக்கொண்டு போவார்களாம். அந்தச் சத்தம் கேட்டதும் உடல் அலுத்தவர்கள் வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள்.

கையேந்தி நிற்க வேண்டிய நிலையிலிருந்த ஒரு கூட்டத்தாரைக் கையால் உழைத்து மானத்தோடு வாழவைத்த ஏற்பாடு இது. இன்றும் ஜப்பானில் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. பார்வையுள்ளவர்களுக்கென இத்துறையில் புதிய பாடசாலைகள் தொடங்குவதைச் சட்டம் மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. பார்வையற்றோரின் பிழைப்புப் பறிபோகக்கூடாது என்பதே காரணம். இந்தக் கட்டுப்பாடு தொழில் சுதந்திரத்துக்கு முரணானது என்று தொடரப்பட்ட வழக்கை 2022இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் நிராகரித்து, சட்டத்தை நிலைநிறுத்தியது. வைத்தியத்தைவிட இந்தச் செய்திதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஷியாட்சு செய்யும் விதத்தைப் பார்ப்போம். கட்டில் இல்லை. எண்ணெய் இல்லை. உடை களைவதும் இல்லை. தரையில் விரித்த மெத்தையில், தளர்வான பருத்தி உடையணிந்து ஒருவர் படுத்திருப்பார். செய்பவர் பக்கத்தில் முழந்தாளிட்டு இருப்பார். பெருவிரல், உள்ளங்கை, சில வேளை முழங்கை, முழங்கால் ஆகியவற்றால் உடம்பின் மீது அமுக்கம் கொடுப்பார். தேய்ப்பதும் உருவுவதும் பிசைவதும் இங்கு பிரதானம் அல்ல. ஓர் இடத்தில் நேராக, செங்குத்தாக அமுக்கி, மூன்று முதல் ஐந்து விநாடிகள் அப்படியே நிறுத்தி, மெதுவாக விடுவார். பிறகு அடுத்த இடம்.

பார்ப்பதற்கு விரலின் பலத்தால் அமுக்குவது போல் தெரியும். உண்மையில் அது விரல் பலம் அன்று. விரலை வைத்துவிட்டு உடம்பை மெல்ல முன்னே சாய்த்தால், உடம்பின் பாரமே அமுக்கமாக இறங்கும். இதை அறியாமல் விரல் பலத்தால் செய்பவருக்குச் சில மாதங்களிலேயே பெருவிரல் மூட்டு நோகத் தொடங்கிவிடும். மற்றவரின் வலியைப் போக்கப் போய்த் தன் வலியைத் தேடிக்கொண்ட கதைதான்.

இதில் இரண்டு வழிகள் உள்ளன. நமிகொஷியின் வழி எலும்பு, தசை, நரம்பு என்று இன்றைய உடற்கூற்றுப் பாடத்தைத் தழுவியது. மற்றையது ஷிசுத்தோ மசுனகா என்பவருடையது. 1925இல் பிறந்து 1981இல் மறைந்த இவர் உளவியல் படித்தவர். நமிகொஷியின் கல்லூரியில் கற்பித்தும் இருக்கிறார். 'கி' எனப்படும் உயிர்ச்சக்தி உடம்பில் குறிப்பிட்ட ஓடைகள் வழியே ஓடுகிறது என்ற பழைய சீனக் கருத்தை அவர் மீண்டும் ஷியாட்சுவுக்குள் கொண்டுவந்தார். ஓடையில் ஓரிடத்தில் சக்தி வறண்டிருக்கும், ஓரிடத்தில் தேங்கியிருக்கும். வறண்ட இடத்தைக் கண்டுபிடித்து நிதானமாகக் கைவைத்திருப்பதே சிகிச்சை என்பது அவருடைய பாடம். வயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்தே உடம்பின் நிலையை அறிய முயல்வார். அவருடைய நூல் 1977இல் 'ஸென் ஷியாட்சு' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வெளிவந்த பின்னரே மேற்கு நாடுகளில் இம்முறை பரவியது.

இந்த இடத்தில் சகோதரிகள் சிலருக்கு ஒரு கேள்வி எழும். ஸென் என்பது பௌத்தத்தின் ஒரு பிரிவல்லவா, இதில் வணக்கம் ஏதும் கலந்திருக்கிறதா என்று. அமுக்கும் முறையில் வணக்கமோ மந்திரமோ கிடையாது. பெயரில்தான் அது இருக்கிறது. சக்தியோடைகளைப் பொறுத்தவரை, அறுத்துப் பார்த்த எந்த வைத்தியரும் அவற்றைக் கண்டதில்லை. பழைய காலத்தவர் உடம்பை நினைவில் வைத்துக்கொள்ள வரைந்த ஒரு வரைபடம் என்று அதை வைத்துக்கொண்டால் போதும். நம்பிக்கையாக அதை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. நமிகொஷியின் வழியில் அந்தப் பேச்சே இல்லை. உடை களையாமல், வீட்டுக்குள், பெண்ணுக்குப் பெண் செய்யக்கூடியது என்பதால் மற்றெல்லா மசாஜ் முறைகளையும்விட இது நம் குடும்பங்களுக்கு இசைவானது என்பது என் அபிப்பிராயம்.

முழு மனிதரையும் பார்க்கும் வைத்தியம் என்று இதைச் சொல்கிறார்களே, அதன் அர்த்தம் என்ன? தோள் வலிக்கிறது என்று போனவரிடம் தோளை மட்டும் பார்ப்பதில்லை. எப்படித் தூங்குகிறீர்கள், மலசலம் ஒழுங்காகப் போகிறதா, கைகால் குளிர்கிறதா, மனதில் என்ன பாரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஒரு மணித்தியாலம் வரை ஒருவர் இன்னொருவருக்காக முழுக் கவனத்தோடு அமர்ந்திருக்கிறார். பகல் முழுதும் பிள்ளைக்கும் புருஷனுக்கும் மாமிக்கும் கவனம் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோன ஒரு பெண்ணுக்கு, யாராவது தன்மீது ஒரு மணித்தியாலம் கவனம் வைப்பதே பாதி மருந்து என்று நான் நினைக்கிறேன்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? ஒஸ்திரியா, ஸ்பெயின், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளில் ஷியாட்சு பெற்ற 948 பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. மன இறுக்கமும் தசை மூட்டு உபாதைகளும் குறைந்ததாகப் பலர் கூறினர். ஆனால் ஷியாட்சு பெறாத ஒரு கூட்டத்தாரை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆகவே அது முடிவான சான்றாகாது. 2011இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, ஷியாட்சுவைப் பற்றிய நல்ல ஆய்வுகள் மிகக் குறைவு என்று கண்டார்கள். அதன் உறவு முறையான புள்ளி அமுக்கத்துக்கு, அதாவது குறித்த புள்ளிகளை மட்டும் அமுக்கும் முறைக்கு, வலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவற்றில் ஓரளவு சான்று இருந்தது. மணிக்கட்டு மடிப்புக்கு மூன்று விரற்கடை மேலே, உட்பக்கத்து இரண்டு நரம்புகளுக்கும் நடுவிலுள்ள புள்ளி இவற்றுள் பிரபலமானது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலை அது குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய் ஆகியவற்றை ஷியாட்சுவால் மாற்றலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் காசு கொடுக்காமல் எழுந்து வாருங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னால் இன்னும் வேகமாக எழுந்து வாருங்கள்.

இனி என் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. பல நாட்கள் படுக்கையிலேயே இருந்தார். கால் உளைகிறது என்பார். நான் இரவில் பக்கத்தில் இருந்து காலை அமுக்கி விடுவேன். சின்ன வயதிலிருந்து செய்துவந்த கைப்பழக்கம். ஒருநாள் ஒரு பக்கத்துக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாயிருந்தது. நீர்தான் இறங்கியிருக்கிறது, நன்றாக அமுக்கினால் வடிந்துவிடும் என்று எண்ணி இன்னும் அழுத்தி அமுக்கத் தொடங்கினேன். அந்நேரம் உள்ளே வந்த தாதி ஒருவர் என் கையைத் தட்டிவிடாத குறையாகத் தடுத்தார். பரிசோதித்ததில் காலின் உள் நாளத்தில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. அதை அமுக்கினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்கு ஓடி அந்த இடத்திலேயே உயிர் போகக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். அல்லாஹ் காப்பாற்றினான். அன்றிரவு முழுதும் என் இரு பெருவிரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஷியாட்சுவைத் தேடிப்பிடித்து வாசிக்கத் தொடங்கியதே அதன் பிறகுதான். எங்கே அமுக்கலாம் என்பதைவிட எங்கே, எப்போது அமுக்கக்கூடாது என்பதையே முதலில் தேடினேன்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடேறி, நொந்தால் தொடவே வேண்டாம். வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். புடைத்துச் சுருண்ட நாளங்கள் மீதும், காயம், எரிகாயம், தோல் புண் உள்ள இடங்களிலும் அமுக்கக்கூடாது. காய்ச்சல் நேரத்திலும் வேண்டாம். வயதான பெண்களின் எலும்பு உள்ளே பொறிந்திருக்கும். பெருவிரலால் விலாவில் ஓங்கி அமுக்கினால் முறியலாம். இரத்தத்தை இளக்கும் மருந்து குடிப்பவர்களுக்கு இலேசான அமுக்கத்திலும் கன்றிப்போகும். நீண்டகாலச் சீனி வருத்தக்காரருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். நோகிறது என்று சொல்லமாட்டார்கள். நாமும் அழுத்திக்கொண்டே போவோம். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தைத் தொடக்கூடாது. சிகிச்சையில் இருப்பவராயின் அவருடைய வைத்தியரைக் கேட்காமல் எதுவும் செய்யவேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் அமுக்குவது கூடாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை, உட்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலுள்ள இடம், தோளின் உச்சி ஆகிய புள்ளிகளையும் பிரசவ காலம் வரும்வரை தொடக்கூடாது என்று ஜப்பானியரும் சீனரும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். காரணம் சரியோ பிழையோ, இந்த எச்சரிக்கையைப் பின்பற்றுவதால் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

கழுத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் மூளைக்கு இரத்தம் ஏறும் பாதை. கழுத்தில் ஷியாட்சு செய்த பின் கண்ணுக்கும் மூளைக்கும் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்ட ஒரு நோயாளியைப் பற்றி 2001இல் ஒரு வைத்தியச் சஞ்சிகையில் எழுதப்பட்டது. மறு வருடம் வெளியான இன்னொரு கட்டுரையில், கழுத்து நாடியின் சுவர் கிழிந்ததற்கும் ஷியாட்சு இயந்திரம் ஒன்றுக்கும் தொடர்பு காட்டப்பட்டது. இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனாலும், வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் அன்போடு உம்மாவுக்கு வாங்கிவரும் கழுத்து மசாஜ் இயந்திரங்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பெட்டியில் ஷியாட்சு என்று பெரிதாக எழுதியிருக்கும். 1957இல் ஜப்பானியச் சுகாதார அமைச்சு கொடுத்த வரைவிலக்கணத்தின்படி எந்தக் கருவியும் இல்லாமல் விரலாலும் உள்ளங்கையாலும் செய்வதே ஷியாட்சு. இயந்திரத்துக்கு எங்கே நோகிறது என்று தெரியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரியாது.

இதைத் தொழிலாகக் கற்க விரும்பும் சகோதரிகளும் இருப்பார்கள். ஜப்பானில் குறைந்தது மூன்று வருடங்கள் படித்து, நாடளாவிய பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே அனுமதிப்பத்திரம் கிடைக்கும். உடற்கூறு, நோயியல் எல்லாம் அதில் பாடங்கள். ஐரோப்பியப் பாராளுமன்றம் 1997இல் நிறைவேற்றிய ஒரு தீர்மானத்தில் கவனத்துக்குரிய மாற்று வைத்தியங்களுள் ஷியாட்சுவும் பெயர் குறிப்பிடப்பட்டது. அங்கும் ஒழுங்கான பாடசாலைகள் பல வருடப் பயிற்சியைக் கேட்கின்றன. இரண்டு நாள் வகுப்பு, மூன்றாம் நாள் சான்றிதழ் என்று வரும் விளம்பரங்களின் தரத்தை இதிலிருந்து நீங்களே எடைபோட்டுக் கொள்ளலாம்.

வீட்டுக்குள் உம்மாவுக்கு மகளும், மாமிக்கு மருமகளும் செய்துகொள்ள இவ்வளவு படிப்புத் தேவையில்லை. முதலில் நகத்தை வெட்டுங்கள். கையை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். உம்மாவை முதுகு சாயாத ஒரு கதிரையில் இருத்தி, நீங்கள் பின்னால் நில்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் தோள்களில் வைத்து ஒன்றும் செய்யாமல் அவருடைய மூச்சைக் கவனியுங்கள். மூச்சு வெளியேறும்போது உங்கள் உடம்பை மெல்லச் சாய்த்துப் பாரத்தை இறக்குங்கள். மூச்சு உள்ளே போகும்போது விடுங்கள். கழுத்தை விட்டுத் தள்ளி, தோள் முனையை நோக்கி ஒவ்வோர் அங்குலமாக நகருங்கள். நோகுதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள். நொந்து முகம் சுளித்தால் பாரம் அதிகம். சொகுசாக இருக்கிறது என்றால் சரியான அளவு.

ஒரு கை வேலை செய்யும்போது மறு கையைச் சும்மா விடவேண்டாம். அதை முதுகிலோ தோளிலோ அசையாமல் வைத்திருங்கள். மேற்கு நாட்டு ஷியாட்சு பாடசாலைகளில் அசையாத அந்தக் கையைத் 'தாய்க் கை' என்று அழைக்கிறார்கள். வேலை செய்யும் கை பிள்ளையாம். தாய் ஓரிடத்தில் இருந்தால்தான் பிள்ளை பயமில்லாமல் ஓடித் திரியும் என்பது அதன் கருத்து.

அடுத்தது உள்ளங்கை. அவருடைய கையை உங்கள் இரு கைகளாலும் ஏந்தி, பெருவிரல்களால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அமுக்கிச் செல்லுங்கள். விரல் ஒவ்வொன்றையும் அடியிலிருந்து நுனிவரை இலேசாக நெரித்து விடுங்கள். பத்து நிமிடம் போதும். சாப்பிட்ட உடனே செய்யவேண்டாம்.

உம்மாவின் காலிலிருந்த கட்டி மருந்தில் கரைந்துவிட்டது. இப்போது தடியூன்றி நடக்கிறார். அன்று முதல் அவருடைய காலை நான் அமுக்குவதில்லை. இஷாவுக்குப் பிறகு இரண்டு கைகளையும் பத்துப் பத்து நிமிடம் பிடித்து விடுகிறேன். பாதி தூக்கத்தில், "போதும் மகன், நீங்க போய்ப் படுங்க, காலையில் மத்ரஸா இருக்கே" என்பார். நான் இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது என்பேன்.